பேலியகொடைக் கிட்டங்கியும் திறந்து கிடந்த கதவும்

கொழும்பு மாநகரின் வட எல்லையிலே களனி கங்கையைக் கடந்தவுடன் நம்மை எதிர்கொள்ளும் ஊர் பேலியகொடை. 1822ஆம் ஆண்டு தொடக்கம் படகுகளை வரிசையாகப் பிணைத்து அமைத்த பாலமொன்று ஆற்றைக் கடக்க உதவிற்று. 1895இல் அதன் இடத்தை விக்டோரியாப் பாலம் பெற்றது. 2021 நவம்பரில் புதிய களனிப் பாலம் திறக்கப்பட்டது. மலைநாட்டிலிருந்தும் வடக்கிலிருந்தும் தலைநகருக்கு வரும் பண்டங்களிற் பெரும்பகுதி இவ்வாயிலாலேயே வருதலின், மொத்த மீன் சந்தையும் எண்ணற்ற கிட்டங்கிகளும் இங்கே குடிகொண்டமை இயல்பேயாகும்.

லொறியும் தராசும் நிறைந்த இவ்வூருக்கும், தொலைவிலிருந்தபடி கணினியை இயக்கும் நுட்பத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவக்கூடும். தொடர்பு 2020ஆம் ஆண்டிலே ஏற்பட்டது. அவ்வாண்டு மார்ச் 20ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. பின்னர் சிறிது மூச்சுவிட்டோம். ஒக்ரோபர் 21ஆந் திகதி பேலியகொடை மீன் சந்தையிலே 49 பேருக்குக் கொரோனாத் தொற்று இருப்பது தெரியவந்து சந்தை மூடப்பட்டது. அம்மாத இறுதியில் மேல் மாகாணம் முழுவதும் மீண்டும் அடங்கிற்று. வெள்ளவத்தையிலுள்ள கணக்காளர் வெள்ளவத்தையிலும், கொட்டாஞ்சேனையிலுள்ள முதலாளி கொட்டாஞ்சேனையிலும், கணக்குப் புத்தகம் முழுவதையும் வயிற்றிலே வைத்திருந்த கணினி பேலியகொடையிலுமாக அகப்பட்டுக்கொண்டனர்.

இரண்டு ஆண்டுகள் கழிந்து நோயின் கெடுபிடி தணிந்தபொழுது பெற்றோல் வரிசை வந்தது. 2022 ஜூன் மாதத்தில், அத்தியாவசிய சேவையில் இல்லாத அரச ஊழியரை வீட்டிலிருந்தே பணிபுரியுமாறு அரசாங்கமே கேட்டுக்கொண்டது. இவ்வாறு, விரும்பியோ விரும்பாமலோ, தொலைவிலிருந்து கந்தோர்க் கணினியை இயக்கும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது.

இந்நுட்பத்தை ஆங்கிலத்திலே ‘ரிமோட் டெஸ்க்ரொப்’ என்பர். நாம் இக்கட்டுரையில் அதனைத் தொலைமேசை என்று வழங்குவோம். அதன் இயல்பை ஒரு வாக்கியத்திற் கூறிவிடலாம்: கந்தோர்க் கணினியின் திரை படமாக நம் வீட்டுக்கு வருகிறது, நாம் அழுத்தும் விசையும் அசைக்கும் சுட்டியும் கந்தோருக்குச் செல்கின்றன. வேலை முழுவதும் அங்கேயே நடைபெறுகிறது. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 1998இல் தனது ‘விண்டோஸ் என்.ரி.’ சேவையகப் பதிப்பொன்றிலே இதனைச் சேர்த்தது. 2001இல் வந்த ‘எக்ஸ்.பி.’ தொழில்முறைப் பதிப்பினூடாக இது சாதாரண மேசைகளையும் வந்தடைந்தது. நல்ல கருவி, ஐயமில்லை. சென்ற சில ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிந்தது இதனாலேயே.

அரை மணித்தியால வேலை

நமக்கு அறிமுகமான ஒரு வணிகர், தானியமும் வாசனைத் திரவியமும் மொத்தமாக விற்பவர், பேலியகொடையிலே கிட்டங்கி வைத்திருக்கிறார். ஹற்றன், வவுனியா, மட்டக்களப்பு முதலிய ஊர்க் கடைக்காரருக்குக் கடனாகச் சரக்கு அனுப்பி, மாத முடிவிலே பணம் பெறுவது அவர் வழக்கம். யார் எவ்வளவு தரவேண்டும் என்பது ஒரே ஒரு கணினியிலே இருந்தது. ஊரடங்கு நாளொன்றில், கணினி திருத்தும் இளைஞர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, வீட்டிலிருந்தே கணக்கைப் பார்க்க ஒரு வழி செய்து தாரும்,” என்றார். “செய்யலாம் ஐயா, அரை மணித்தியாலம் போதும்,” என்றார் இளைஞர். சொன்னபடியே செய்தும் கொடுத்தார். முதலாளிக்கு மிக்க மகிழ்ச்சி.

அந்த அரை மணித்தியாலத்திலே நிகழ்ந்தது என்ன? கந்தோரின் இணையப் பெட்டியாகிய ‘ரௌட்டர்’ சாதாரணமாக ஒரு மதிலைப் போன்றது. உள்ளேயிருந்து வெளியே செல்வோரை விடும். வெளியேயிருந்து அழைப்பின்றி வருவோரை விடாது. இளைஞர் அம்மதிலிலே ஒரு துளையிட்டு, வெளியிலிருந்து வரும் தொலைமேசை அழைப்புக்களை நேரே கணக்குக் கணினிக்கு அனுப்புமாறு பணித்தார். கணினியியலார் இத்தகைய வாயில்களைத் ‘துறை’ என்பர். ஒவ்வோர் இணைய முகவரிக்கும் 65,535 துறைகள் உண்டு. தொலைமேசைக்கென வழக்கமாக ஒதுக்கப்பட்டிருப்பது 3389ஆம் இலக்கத் துறை. முதலாளி கொட்டாஞ்சேனையிலிருந்து அத்துறையால் நுழைந்தார். அவர் நுழைவதற்குத் திறந்த அதே துறை உலகத்தார் அனைவருக்கும் திறந்திருந்தது. இடையில் இருந்தது ஒரு கடவுச்சொல் மட்டுமே.

ஊரடங்கு நீங்கிற்று. முதலாளி கிட்டங்கிக்குப் போய்வரத் தொடங்கினார். துறையை மூடவேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழவில்லை. அதனைத் திறந்தது எவ்வாறு என்று அறிந்த ஒரே ஒருவராகிய அவ்விளைஞர், 2022இல் நாட்டை விட்டுச் சென்ற பல்லாயிரவருள் ஒருவராய்ப் புலம்பெயர்ந்துவிட்டார். நம் நாட்டிலே இன்று இத்தகைய ‘அநாதைக் கதவுகள்’ பல உள்ளன என்பது நம் கருத்து. திறந்தவர் இல்லை, திறந்திருப்பது உள்ளிருப்போருக்குத் தெரியாது.

மறு ஆண்டில் ஒரு திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தபொழுது ஒரு கோப்பும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னும் விளங்காத எழுத்துக்கள் ஒட்டியிருந்தன. திரையிலே ஒரு கடிதம்: கோப்புக்கள் யாவும் பூட்டப்பட்டுவிட்டன, திறப்பு வேண்டுமெனின் இவ்வளவு பணம் அனுப்புக, என்று. தினந்தோறும் பிரதியெடுத்துவந்த சிறு தட்டும் அக்கணினியிலேயே செருகப்பட்டிருந்தமையால் அதுவும் பூட்டப்பட்டுப் போயிற்று. முதலாளி பணம் அனுப்பவில்லை. அவரைக் காத்தது, அறுபது வயது கடந்த கணக்காளரின் பழைய பழக்கமொன்று. மாத முடிவிலே கடன் பட்டியலைக் கடதாசியில் அச்சிட்டுக் கோவையிலே கோத்து வைப்பவர் அவர். “இது எதற்கு?” என்று இளையோர் சிரிப்பதுண்டாம். அந்தக் கோவையிலிருந்து ஆறு கிழமைகள் உழைத்து ஒருவாறு கணக்கை மீட்டார்கள். கடைசி மாதத்துக் கடன் மட்டும் கடைக்காரரின் நாணயத்தை நம்பியே வசூலிக்கப்பட்டது. சிலர் தம்மிடமிருந்த சிட்டைகளைத் தாமே கொண்டுவந்து காட்டினர். சிலர் காட்டவில்லை.

தட்டுவோர் யார்?

“எங்கோ ஒரு மூலையில் உள்ள கிட்டங்கியை யார் தேடிவரப் போகிறார்கள்?” என்பதே இச்செய்தியைக் கேட்போர் பலரும் எழுப்பும் முதல் வினா. நம் மாணவரும் இதனையே கேட்கின்றனர். மறுமொழி எளிது. கிட்டங்கியைத் தேடி எவரும் வருவதில்லை. எல்லா வீட்டுக் கதவுகளையும் தட்டிப் பார்க்கிறார்கள். திறந்திருப்பது எதுவோ அதனுள் நுழைகிறார்கள்.

இணையத்தின் பழைய முறையிலான முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. இது பெருந்தொகையாய்த் தோன்றும். ஆனால், 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ச்சிக்காக வெளியிட்ட ‘ஸீமப்’ என்னும் நிரல், போதிய வேகமுள்ள இணைப்போடு கூடிய ஒரே ஒரு கணினியைக் கொண்டு, அம்முகவரிகளின் ஒரு துறையை முக்கால் மணித்தியாலத்துக்குள் தட்டிப் பார்த்துவிட வல்லது. ஒரு தேநீர் இடைவேளையைவிடச் சற்றே அதிகம். ஆராய்ச்சியாளருக்கு இயன்றது கள்வருக்கும் இயலும் அன்றோ? ஆகவே 3389ஆம் துறையைப் பொதுவெளியில் திறந்துவைப்பவர் தட்டுவோருக்காக நெடுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

தட்டியபின் கடவுச்சொல்லை ஊகிக்கும் வேலை தொடங்கும். வினாடிக்கு ஒன்று வீதம் முயன்றாலும் நாளொன்றுக்கு 86,400 முயற்சிகள். உறங்காத, களைப்படையாத இயந்திரம் இதனைச் செய்கிறது. பல்வேறு தளங்களிலிருந்து களவுபோன கடவுச்சொற்கள் பட்டியல்களாய்த் தொகுக்கப்பட்டுள்ளன. நம் குலதெய்வத்தின் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்துவிட்டால் வெள்ளைக்காரன் அறியான் என்று எண்ணுவோர், அப்பட்டியல்களிலே தமிழ்ப் பெயர்களும் தாராளமாக இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

இவ்வாறு திறந்த கணினிகளைக் கள்வர் தாமே பயன்படுத்துவதோடு நில்லாமல் விற்பனையும் செய்கின்றனர். 2016 ஜூனில் கஸ்பர்ஸ்கி நிறுவனம் ‘எக்ஸ்டெடிக்’ என்ற கள்ளச் சந்தையொன்றை வெளிப்படுத்திற்று. 173 நாடுகளைச் சேர்ந்த 70,000க்கும் மேற்பட்ட சேவையகங்களின் நுழைவுரிமை அங்கே விலைக்கு இருந்தது. மிகக் குறைந்த விலை ஆறு டொலர். பேலியகொடையிலே மீன் விலை கூறுவதுபோல ஊரார் கணினிகளை விலைகூறினர். 2019இல் அச்சந்தையை அதிகாரிகள் மூடினர். வேறு சந்தைகள் தோன்றின.

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அற்லாந்தா நகரசபையின் கணினிகள் ‘சாம்சாம்’ என்னும் கப்பக் கிருமியினாற் பூட்டப்பட்டன. கேட்ட கப்பம் ஏறத்தாழ 51,000 டொலர். திருத்துவதற்கு ஆன செலவோ அதனிலும் பன்மடங்கு. சாம்சாம் கூட்டத்தார் தொலைமேசைக் கதவு வழியாக நுழைபவர் என்று அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க அரச அமைப்புக்கள் எச்சரித்தன.

கடவுச்சொல் எவ்வளவு வலிதாயினும் போதாது என்பதை 2019 மே மாதம் உணர்த்திற்று. பழைய விண்டோஸ் பதிப்புக்களின் தொலைமேசைச் சேவையிலே, கடவுச்சொல்லே இன்றி உள்நுழையத்தக்க பிழையொன்று இருப்பது தெரியவந்தது. ‘புளூகீப்’ என்று அதற்குப் பெயரிட்டனர். பராமரிப்புக் கைவிடப்பட்டிருந்த எக்ஸ்.பி.க்குங்கூட மைக்ரோசொஃப்ட் மருந்து வெளியிட்டமை, ஆபத்தின் அளவைக் காட்டும். இருந்தும் சில நாட்களின் பின் ஆராய்ச்சியாளர் ஒருவர் எண்ணிப் பார்த்தபொழுது, மருந்திடப்படாத ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பொதுவெளியிலே நின்றன. பூட்டு எத்துணை நல்லதாயினும் கதவின் பலகை உக்கியிருந்தால் என் செய்வது?

படலையும் கதவும்

இனி, செய்யத்தக்கது யாது என்று பார்ப்போம். யாழ்ப்பாணத்து வீடுகளை அறிந்தோருக்கு இது உடனே விளங்கும். வீட்டுக் கதவை எவரும் தெருவோரத்தில் வைப்பதில்லை. முதலில் வேலி, வேலியிற் படலை, படலை கடந்தால் முற்றம், முற்றத்துக்கு அப்பால் வீட்டுக் கதவு. தொலைமேசை என்பது வீட்டுக் கதவு. அதனைத் தெருவுக்குக் கொண்டுவந்ததே பேலியகொடையில் நேர்ந்த தவறு. வேலியும் படலையுமாய் நிற்கத்தக்க ஏற்பாட்டுக்கு ‘வி.பி.என்.’ என்று பெயர். பொது இணையத்தினூடாக மறைகுறியாக்கப்பட்ட தனிவழி அது. முதலில் படலையில் நம்மை நிரூபித்து அவ்வழியினுள் நுழைந்து, அதன் பின்னரே கதவைத் தட்டவேண்டும்.

இவ்வகைப் படலைகளுள் நமக்கு மிகப் பிடித்தது ‘வயர்கார்ட்’. ஜேசன் டொனென்ஃபெல்ட் என்பவர் ஆக்கியது, இலவசம். 2020 மார்ச்சில், நம் நாட்டிலே ஊரடங்கு வந்த அதே மாதத்தில், லினக்ஸ் இயக்கமுறையின் கருவிலேயே இது சேர்க்கப்பட்டது. இதிலே கடவுச்சொல் இல்லை. ஒவ்வொருவரின் கணினியிலும் ஊகிக்கவியலாத நீண்ட திறப்பொன்று உருவாகும். உரிய திறப்பின்றித் தட்டுவோருக்கு இது மறுமொழியே கூறாது. “போ” என்றும் கூறாது. தட்டியவனுக்கு அங்கே ஒரு வீடு இருப்பதே தெரியாமற் போகும். முதலாளிக்கு ஒன்று, கணக்காளருக்கு ஒன்று, களஞ்சியப் பொறுப்பாளருக்கு ஒன்று எனத் தனித்தனித் திறப்புக்களை வழங்கலாம். ஒருவர் வேலையை விட்டு விலகினால் அவருடைய திறப்பை மட்டும் நீக்கினாற் போதும். மற்றவரின் அலுவல் கெடாது. எல்லோரும் ஒரே பெயரிலும் ஒரே கடவுச்சொல்லிலும் நுழையும் நம்மூர் வழக்கத்துக்கு இது நல்ல மருந்து.

துறையின் இலக்கத்தை 3389இலிருந்து வேறொன்றாக மாற்றிவிட்டால் போதுமென்று சிலர் கூறுவர். பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தபடியே வைப்பதற்கு இது ஒப்பாகும். வீண்தட்டல்கள் சிறிது குறையலாம், வேறு பயனில்லை. இன்னுஞ் சிலர் தரவு வழியிலே களவுபோகும் என்று அஞ்சுவர். தொலைமேசை நெடுங்காலமாகவே செய்தியை மறைகுறியாக்கித்தான் அனுப்புகிறது. ஆயினும் முதன்முறை இணையும்பொழுது, “இக்கணினி இன்னதென உறுதிப்படுத்த முடியவில்லை” என்று தோன்றும் எச்சரிக்கையைப் படியாமலே ‘ஆம்’ என்று அழுத்துதல் தகாது. வேறொருவன் நடுவே நின்று நம் கந்தோர்போல் நடிப்பின் நமக்குத் தெரியவரும் அடையாளம் அது ஒன்றே.

கடவுச்சொல்லொன்றை மட்டும் நம்பியிருக்கும் படலையும் போதாது. 2021 மே மாதத்தில், அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் அனுப்பும் கொலோனியல் குழாய்வழி நிறுவனம் பல நாட்கள் முடங்கிற்று. கள்வர் நுழைந்தது வி.பி.என். வழியாகவே. பயன்பாட்டில் இல்லாத பழைய கணக்கொன்று மூடப்படாது கிடந்தது. அதற்குக் கடவுச்சொல்லைத் தவிர வேறு காவல் இருக்கவில்லை. நிறுவனம் 75 பிற்கொயின், அந்நாளைய மதிப்பில் ஏறத்தாழ 44 இலட்சம் டொலர், கப்பமாகக் கொடுத்தது. அங்கும் ஓர் அநாதைக் கதவு! ஆதலின் இரண்டாவது சான்றொன்று வேண்டும். கைத்தொலைபேசியில் முப்பது செக்கனுக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கங்களைக் காட்டும் செயலி எளிதிற் கிடைக்கிறது. அது நேரத்தையும் முன்னரே பகிர்ந்த இரகசிய எண்ணையும் கொண்டு தானே கணிக்கிறது; தொலைபேசிச் சமிக்ஞை தேவையில்லை. 2022இன் நீண்ட மின்வெட்டுக்களிலே கோபுரங்கள் செயலிழந்ததை அனுபவித்தோருக்கு இதன் அருமை தெரியும்.

படலை அமைத்தபின் கதவையும் கவனிக்க வேண்டும். கணக்குப் பார்ப்பதற்கு நிர்வாகியின் முழு அதிகாரமுள்ள கணக்கு எதற்கு? சாதாரண கணக்கே போதும். பத்துமுறை தவறினாற் பத்து நிமிடம் பூட்டப்படும் ஏற்பாட்டை விண்டோஸ் 11 தன் புதிய பதிப்புக்களில் இயல்பாகவே வைத்துள்ளது. முன்னர்க் கூறிய 86,400 முயற்சிகள் இதனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,440 ஆகக் குறையும். மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். இரண்டாயிரம் சொற்களைக் கொண்ட பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஐந்து சொற்களைத் தெரிந்தெடுத்துக் கோத்தால், அமையக்கூடிய தொடர்கள் 32,000 இலட்சம் கோடி. நாளுக்கு 1,440 வீதம் ஊகிப்பவன் எக்காலத்தில் முடிப்பான்? ஆனால் சொற்களை மனம்போனபடி தெரிவு செய்தால் இக்கணக்குப் பொருந்தாது. மனிதமனம் எப்பொழுதும் அறிந்த சொல்லையே நாடும்.

விண்டோஸ் 10க்கான பொதுப் பராமரிப்பு 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியோடு முடிந்துவிட்டது. நீடித்த பாதுகாப்புத் திட்டத்திற் சேராத அத்தகைய கணினியைத் தொலைமேசைக்குப் பயன்படுத்துதல் ஆகாது. கிட்டங்கிகளிலே பழைய கணினிகளே மிகுதி என்பதை நாம் அறிவோம். புதியது வாங்கப் பணமில்லையெனின், வெளியிலிருந்து வரும் வழியையாவது மூடிவிட வேண்டும்.

அம்மாவின் கணினி

வீட்டிலிருந்து கந்தோருக்குள் நுழைகையில், வீட்டுக் கணினியும் கந்தோரின் ஒரு பகுதியாகிவிடுகிறது. பகலிலே தந்தை கணக்குப் பார்க்கும் கணினியில் மாலையிலே பிள்ளைகள், விலையின்றிக் கிடைக்கிறதென்று களவான விளையாட்டுக்களை இறக்குகின்றனர். அவற்றோடு சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் நிரல் வந்து புகுவதுண்டு. படலையின் திறப்பும் அதே கணினியிலேதான் இருக்கிறது. வேலைக்கெனத் தனிக் கணினி வைக்க இயலாதோர், தனிக் கணக்கேனும் அமைத்து, அதன் கடவுச்சொல்லைப் பிள்ளைகளுக்குக் கூறாதிருத்தல் வேண்டும். பிள்ளைகள் கோபிப்பர், கோபிக்கட்டும்.

மின்னஞ்சலில் வரும் தொலைமேசைக் கோப்புக்களிலும் கவனம் தேவை. 2024 ஒக்ரோபரில், ரஷ்ய உளவுத்துறையோடு தொடர்புடையதென மேல்நாட்டு அரசுகள் கருதும் கூட்டமொன்று, நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோருக்கு இத்தகைய கோப்புக்களை அனுப்பியதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. கோப்பைத் திறந்தவரின் கணினி, கள்வரின் கணினியோடு தானே சென்று இணைந்து, தன் வட்டுக்களையும் ஒட்டுபலகையையும் அவர்களுக்குத் திறந்துகாட்டிற்று. கள்வன் நம் வீட்டுக்கு வருவதற்குப் பதிலாக நாமே அவன் வீட்டுக்குப் பெட்டியோடு போவதைப் போன்றது இது. நம்பகமான கந்தோரோடு இணையும்பொழுதும், தேவையில்லையெனின் வட்டுப் பகிர்வை நிறுத்திவைத்தல் நன்று.

நிற்க. வணிகமும் கந்தோரும் இல்லாத வீடுகளிலும் தொலைமேசை இன்று உண்டு. வெள்ளவத்தைத் தொடர்மாடியிலே தனித்து வாழும் தாய். ரொறன்ரோவிலோ லண்டனிலோ மகன். கணினியில் ஏதேனும் சிக்கலென்றால், “அம்மா, எனிடெஸ்க்கைத் திறவுங்கோ, அதிலை தெரியிற இலக்கத்தைச் சொல்லுங்கோ,” என்கிறான் மகன். தாய் சொல்கிறார். சுட்டி தானாக அசைகிறது, சிக்கல் தீர்கிறது. பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு இது எத்துணை ஆறுதல் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் இதே பழக்கமே கள்வருக்கும் வழிசெய்கிறது. “வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கிலே சிக்கல், இச்செயலியை இறக்கி அதிலுள்ள இலக்கத்தைக் கூறுங்கள்” என்று இனிய குரலொன்று கேட்கும். 2019 பெப்ரவரியிலே இந்திய றிசேர்வ் வங்கி, எனிடெஸ்க் செயலியின் ஒன்பது இலக்கக் குறியைக் கேட்டுப் பெற்றுக் கைத்தொலைபேசியினூடாகப் பணம் களவாடப்படுவதாக நாட்டின் வங்கிகளை எச்சரித்தது. செயலியிலே குறையில்லை, உரிமையாளரே கதவைத் திறந்துகொடுக்கிறார். ஆதலின் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தம் பெற்றோருக்கு ஒரு விதியைச் சொல்லிவைத்தல் நலம்: தாமாக அழைத்த எவருக்கும் அவ்விலக்கத்தைக் கூறலாகாது, மகனுக்குங்கூட, அவன் முகத்தைக் காணொளியிற் கண்டபின்னரே கூறவேண்டும். இந்நாட்களில் குரலைப் போலியாக ஆக்குதல் எளிதாகிவிட்டது. வேலை முடிந்ததும் செயலியை மூடச் செய்வதும், எந்நேரமும் நுழையத்தக்க நிலையான கடவுச்சொல்லைத் தாயின் கணினியில் வைக்காதிருப்பதும் மகனின் பொறுப்பாகும்.

கள்வன் புகுந்தால்

எல்லாம் செய்தும் ஒருநாள் தவறலாம். அன்றைக்கு உதவுவது பிரதி ஒன்றே. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி அமைப்பு கப்பக் கிருமியாற் பாதிக்கப்பட்டபொழுது, அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீளாது போயின. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புக்குள்ளாயின. காலங்கடந்த மென்பொருளும், அக்காலப்பகுதிக்குரிய தனிப்பிரதி இன்மையுமே இழப்புக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. அரசாங்கத்துக்கே இந்நிலையெனின் கிட்டங்கி எம்மாத்திரம்?

நம் வணிகர் இப்பொழுது இரண்டு தட்டுக்கள் வைத்திருக்கிறார். ஒன்று கிட்டங்கியில் இருக்கும் கிழமையில் மற்றது கொட்டாஞ்சேனை வீட்டு அலுமாரியில் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் இடம் மாற்றுவார். பிரதியெடுத்து முடிந்தவுடன் தட்டைக் கழற்றிவிடுகிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியிலே அதனைத் திறந்து, கோப்புக்கள் உண்மையாகவே திறக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். திறந்து பாராத பிரதியைப் பிரதியென்று சொல்லல் ஆகாது. கணக்காளரின் அச்சுக்கோவையும் தொடர்கிறது. இப்பொழுது எவரும் சிரிப்பதில்லையாம்.

ரௌட்டரிலிருந்த துளையை மூடியாயிற்று. ‘யூ.பி.என்.பி.’ என்னும் வசதியையும் நிறுத்தினார்கள். உள்ளேயுள்ள கருவிகள் தாமாகவே மதிலிலே துளையிட அனுமதிப்பது அது. நம் வாசகரும் தம் கந்தோரிலே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ‘போர்ட் ஃபோர்வேடிங்’ என்ற தலைப்பின்கீழ் ஏதேனும் பதிவு இருக்கிறதா என்று காண்க. இருப்பின், அதனை இட்டவர் யார், எதற்காக என்று கேட்க. மறுமொழி கூற எவருமில்லையெனின் நீக்குக. பின்பு கைத்தொலைபேசியிலே வீட்டு இணைப்பை அணைத்துவிட்டு, தொலைபேசி நிறுவனத்தின் தரவு வழியாகக் கந்தோர் முகவரிக்குத் தொலைமேசையில் இணைய முயல்க. கடவுச்சொல் கேட்கும் பெட்டி தோன்றுமாயின், தெருவில் செல்வோர் அனைவருக்கும் அப்பெட்டி தோன்றுகிறதென்பது பொருள்.

கோப்புக்கள் பூட்டப்பட்டிருக்கக் கண்டால் முதலில் இணைய வடத்தைக் கழற்றுக. கம்பியில்லா இணைப்பையும் நிறுத்துக. பதற்றத்திலே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிவிடலாகாது. எவ்வழியால் நுழைந்தான் என்பதற்கான சான்று அக்கணினியிலேயே உள்ளது. கப்பக் கடிதத்தைத் தொலைபேசியிற் படமெடுத்து வைத்துக்கொண்டு, இலங்கைக் கணினி அவசர நடவடிக்கைப் பிரிவை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைதல் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ்க் குற்றமாதலால், பொலிஸிலும் முறையிடலாம். வேறு கணினியொன்றிலிருந்து வங்கிக் கடவுச்சொற்களை அன்றே மாற்றிவிடுக. பூட்டியவன் பூட்டுமுன் எத்தனை நாள் உள்ளேயிருந்து படித்துக்கொண்டிருந்தான் என்பது அந்நேரத்தில் ஒருவருக்கும் தெரியாது.